கின்சா முதல் அசாக்குசா வரை: டோக்கியோவில் ஒரு மைப்பேனா நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்குப் போகிறேன் என்று சொல்லும் பேனா நண்பர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எந்தக் கடை, எந்த நிப், எவ்வளவு பணம், நடுவில் எங்கே சாப்பிடுவது? மூன்று பயணங்களில் ஒரே பாதையில் நடந்து எனக்குப் பழகிப்போன ஒரு நாளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். காலையில் கின்சா, பிற்பகல் குராமாயே, மாலையில் அசாக்குசா.

டோக்கியோவில் அத்தனை பேனாக் கடை இருக்கும்போது இந்தப் பாதை மட்டும் ஏன்?

கை களைத்துப்போகும் என்பதால்தான். பதினைந்து, இருபது நிப்பை எழுதிப் பார்த்தபின் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். முதல் பயணத்தில் ஒரே நாளில் ஏழு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்குள் நுழைந்தபோது இரவு ஏழரை மணி, மதியமும் சரியாகச் சாப்பிடவில்லை. கடை மூடும் நேரம் என்று எழுதிப் பார்க்காமலே ஒரு தங்க நிப் பேனாவை வாங்கினேன். என் கைக்கு அது மிகவும் தடிமன். இன்றும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. நல்ல பேனாதான், என் எழுத்துக்குத்தான் அது பொருந்தவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு கடை, நடுவில் உட்கார்ந்து சாப்பாடு. இந்தப் பாதையின் வசதி என்னவென்றால் ஹிகாஷி-கின்சா, குராமாயே, அசாக்குசா மூன்றும் அசாக்குசா மெட்ரோ லைனிலேயே இருக்கின்றன, எங்கும் ரயில் மாற வேண்டாம். ஷிஞ்சுக்குவில் உள்ள செகாய்டோ ஓவியப் பொருள் கடையில் பேனாக்களைக் குறித்த விலைக்கும் குறைவாகத் தருவார்கள். ஆனால் அது நகரத்தின் மறுபக்கம், அதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

எந்தக் கிழமை போகலாம்?

புதன், வியாழன், வெள்ளி நல்லது. குராமாயேவில் நாம் போகப்போகும் நோட்டுக் கடை திங்களன்று மூடியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நான் சொல்லும் இடங்களில் ஒன்றுக்குச் செவ்வாயும் மற்றொன்றுக்கு ஞாயிறும் விடுமுறை. போவதற்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை போனால் வேறொரு அழகு உண்டு. சனி, ஞாயிறு பிற்பகலில் கின்சா மைய வீதியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். 1970 முதல் நடக்கும் வழக்கம் இது. அகலமான சாலையின் நடுவில் நிதானமாக நடக்கலாம். ஆனால் கடைகளில் கூட்டம் நெரியும், பேனாவை எழுதிப் பார்க்க உட்கார இடம் கிடைக்காது. என் தேர்வு வார நாள்தான்.

ஜப்பான் பேனாவில் அப்படி என்ன விசேஷம்?

மூன்று பெரிய கம்பெனிகள், மூன்றும் நூறு ஆண்டைக் கடந்தவை. செய்லர் 1911இல் ஹிரோஷிமா மாகாணத்துக் குரே துறைமுக நகரில் தொடங்கியது. பைலட் 1918, பிளாட்டினம் 1919. செய்லர் என்றால் மாலுமி, பைலட் என்றால் கப்பலுக்கு வழிகாட்டுபவர். பைலட்டைத் தொடங்கிய நமிக்கி ர்யோசுக்கே கப்பல் பொறியியல் பின்னணி உள்ளவர், பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த மூன்றும் இன்றைக்கும் தங்கள் நிப்பைத் தாங்களே செய்கின்றன. ஐரோப்பாவில் பல பேனாக் கம்பெனிகள் நிப்பை வெளியே வாங்கித்தான் பொருத்துகின்றன. நிப்பைச் செய்பவர்களும் பேனாவைச் செய்பவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்பது எழுதிப் பார்த்தால் தெரியும். மலிவான பேனாவாக இருந்தாலும் முதல் கோட்டிலேயே மை இறங்கும், தாளைக் கீறாது.

எஃப் நிப்பா, எம் நிப்பா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எஃப் (ஃபைன்) என்றால் மெல்லிய நிப், எம் (மீடியம்) நடுத்தரம், ஈஎஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன்) மிக மெல்லியது. ஜப்பானிய எஃப், ஐரோப்பிய எஃப்பை விட மெல்லியது. ஏறக்குறைய அங்குள்ள ஈஎஃப்புக்குச் சமம். காரணம் அவர்கள் எழுத்து. ஒரே கட்டத்துக்குள் பதினைந்து, இருபது கோடுகள் கொண்ட ‘கான்ஜி’ என்ற சீன வழி எழுத்தை அடக்க வேண்டும். நிப் தடித்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி எழுத்து கறுப்புப் பொட்டாகிவிடும்.

நம் எழுத்தின் சிக்கல் வேறு. தமிழில் கோடுகளை விடச் சுழிகள் அதிகம். ‘ண’, ‘ணை’, ‘ஞ’, ‘இ’ இவற்றில் கண்கள் சின்னவை. தடித்த நிப்பில் எழுதினால் அந்தக் கண்கள் மூடிக்கொள்ளும். அதேசமயம் மிக மெல்லிய நிப் வளைவுகளில் திரும்பும்போது தாளைக் கொத்தும். கோடு போட்ட நோட்டில் சின்னதாக எழுதுபவர் என்றால் ஜப்பானிய எஃப், கொஞ்சம் பெரிதாக, வேகமாக எழுதுபவர் என்றால் ஜப்பானிய எம். தமிழுக்கு ஈஎஃப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை அதில் நான்கு பக்கம் கடிதம் எழுதினேன், சுழிக்குச் சுழி தாள் நார் நிப்பில் சிக்கியது.

கடையில் எழுதிப் பார்க்க விடுவார்களா? எனக்கு ஜப்பானிய மொழி தெரியாதே.

தாராளமாக விடுவார்கள். எழுதிப் பார்ப்பதற்கு அங்கே ‘தமேஷிகக்கி’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. “தமேஷிகக்கி, ஓகே தெஸ் கா?” என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்து மைக்குப்பியும் தாளும் எடுத்து வைப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை நாமாக எடுக்கக் கூடாது, விரலால் காட்டினால் எடுத்துத் தருவார்கள். நிப்பை மையில் தோய்த்து, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டுவார்கள். நாமும் அப்படியே திருப்பித் தருவது மரியாதை. அழுத்தி எழுதாதீர்கள்.

ஜப்பானியர் எழுதிப் பார்க்கும்போது பலரும் ‘ஏய்’ என்ற எழுத்தை எழுதுவார்கள். நிரந்தரம் என்று பொருள். தூரிகை எழுத்தின் எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஒரே எழுத்தில் வந்துவிடும் என்பதால் அந்த வழக்கம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நானாக ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: இ, ஐ, ஞ, ண, ழ, அப்புறம் என் அம்மாவின் பெயர். பழகிய பெயரை எழுதும்போதுதான் கை தன் இயல்பான வேகத்துக்கு வரும். முதலில் மெதுவாக, பிறகு வீட்டில் பால் கணக்கு எழுதும் வேகத்தில்.

இன்னொன்று, வீட்டில் எழுதும் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து எடுத்துப் போங்கள். கடையில் வைத்திருப்பது அருமையான தாள், அதில் எந்தப் பேனாவும் வழுக்கிக்கொண்டு ஓடும். நம்மூர்த் தாளில் மை எப்படிப் பரவுகிறது என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

இட்டோயாவில் எந்த மாடிக்குப் போக வேண்டும்?

இட்டோயா 1904இல் கின்சாவில் தொடங்கிய எழுதுபொருள் கடை. வாசலில் பெரிய சிவப்பு பேப்பர் கிளிப் தொங்கும், அதுதான் அடையாளம். இப்போதைய பன்னிரண்டு மாடிக் கட்டடம் 2015இல் திறந்தது. காலை 10 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள், முதல் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கும்.

ஜப்பானில் தரைத்தளத்தையே 1 என்று எண்ணுவார்கள். அதனால் லிஃப்டில் 3 என்பது நாம் சொல்லும் இரண்டாவது மாடி. நல்ல பேனாக்கள் அந்த 3இல்தான். என் வழக்கம், அங்கே முதலில் போய்ப் பேனாவை முடித்துவிடுவது. கீழே இருந்து ஒவ்வொரு மாடியாகப் பார்த்துக்கொண்டு ஏறினால், ஸ்டிக்கரும் உறையும் வாங்கி, பேனாவிடம் போகும்போது பணமும் பொறுமையும் கரைந்திருக்கும்.

அப்புறம் 7. அங்கே தாள்கள் மட்டும்தான். நிறம் நிறமாக, சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் அந்தத் தாள்களின் முன்னால் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டு என்பதை அங்கேதான் பார்த்தேன். கடைசியாக 2. அங்கே தபால் அட்டை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, அங்குள்ள தபால் பெட்டியிலேயே போடலாம். ஊருக்கு ஒரு அட்டை எழுதுங்கள். புதுப் பேனாவின் முதல் எழுத்து வீட்டுக்குப் போகட்டும்.

எவ்வளவு பணம் எடுத்துப் போக வேண்டும்?

சுமார் 1,000 யென்னுக்கே பைலட் கக்குனோ கிடைக்கும். 2013இல் குழந்தைகளுக்காக வந்த பேனா, நிப்பில் சின்னச் சிரித்த முகம் பொறித்திருப்பார்கள். பெரியவர்களும் ஆசையாக வாங்குகிறார்கள், நான் பரிசாகவே பத்து வாங்கியிருக்கிறேன். பிளாட்டினம் பிரெப்பி அதற்கும் பாதி விலை.

தங்க நிப் என்றால் பத்தாயிரம் யென்னைத் தாண்டும். முதல் தங்க நிப்புக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று பைலட் கஸ்டம் 74. கம்பெனியின் 74ஆவது ஆண்டான 1992இல் வந்ததால் அந்த எண். மற்றொன்று பிளாட்டினம் 3776 செஞ்சுரி. 3776 என்பது ஃபூஜி மலையின் உயரம், மீட்டரில். இதன் மூடி காற்றுப் புகாமல் இறுகும், மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் மை உலராது. சென்னை, மதுரை வெயிலில் அது பெரிய விஷயம்.

மதியம் என்ன சாப்பிடுவது?

பதினொரு மணி வாக்கில் லேசாகப் பசிக்கும். அப்போது கின்சாவின் கிமுராயாவில் ஒரு அன்-பான் வாங்கிக்கொள்ளுங்கள். 1869இல் தொடங்கிய பேக்கரி. அரிசிப் புளிப்பு வைத்து மாவைப் பொங்க வைத்து, உள்ளே இனிப்புப் பயற்று விழுது அடைத்துச் சுடுகிறார்கள். நடுவில் தொப்புள் போலக் குழி, அதில் உப்பில் ஊறிய செர்ரிப் பூ. இனிப்போடு அந்த உப்பு வந்து சேரும் இடம் அவ்வளவு நன்றாக இருக்கும். ‘பான்’ என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து ஜப்பானுக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் ரொட்டியைப் ‘பாண்’ என்கிறோமே, அதே சொல்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று ரெங்கா-தெய், 1895 முதல் இருக்கும் உணவகம். பன்றிக் கட்லெட்டோடு சீவிய முட்டைக்கோஸ் வைக்கும் பழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இது. ஆம்லெட்டும் சோறும் சேர்ந்த ஆமுரைஸும் இங்கே பிரபலம். வரிசை நீளமாக இருக்கும்.

நான் அதிகம் போவது இரண்டாவது இடத்துக்கு. ஹிகாஷி-கின்சா ரயில் நிலையத்தின் வாசலை ஒட்டியே நாயர் ரெஸ்டாரன்ட் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பிறந்து, கியோட்டோவில் படிக்கப் போய், ராஷ் பிஹாரி போஸோடு சேர்ந்து இந்திய விடுதலைக்காக அங்கே உழைத்த ஏ.எம். நாயர் 1949இல் தொடங்கியது. ஜப்பானுக்குப் போய் இந்திய ஹோட்டலா என்று கேட்காதீர்கள். அங்கே கிடைப்பது எழுபது ஆண்டுக்கு மேல் டோக்கியோக்காரர்கள் தங்களுடையது என்று சாப்பிட்டுவரும் சாப்பாடு. ‘முருகி லஞ்ச்’ என்று சொன்னால் போதும். மஞ்சள் சோறு, வெந்த முட்டைக்கோஸ், மசித்த உருளைக்கிழங்கு, நெடுநேரம் வெந்த கோழிக் கால். பரிமாறுபவர் நம் கண் முன்னாலேயே எலும்பை உருவிவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடுங்கள் என்பார். பக்கத்து மேசையில் கோட்டு சூட்டு போட்ட அலுவலர் ஒருவர் கரண்டியால் அதை அத்தனை கவனமாகப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துபோனது.

நான் சைவம். என்ன செய்வது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ‘தாஷி’. உலர்ந்த கட்சுவோ மீனைச் சீவிக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு. மிசோ சூப், சோபா நூடுல்ஸின் குழம்பு, வேகவைத்த காய்கறி என்று எங்கும் அது இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் எடுப்பார்கள், மீன் சாறு தங்கிவிடும். அதனால் “மீன் சாறும் வேண்டாம்” என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கின்சாவின் மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியில் நிலத்தடித் தளத்தில் உணவுக் கடைகள் வரிசையாக இருக்கும். பழம், ரொட்டி, சாலட் என்று பார்த்து வாங்கிக்கொண்டு 9ஆம் தளத்தின் திறந்தவெளிக்குப் போனால் உட்கார்ந்து சாப்பிடலாம். அன்-பானில் முட்டை சேர்ந்திருக்கலாம், அதையும் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். மாலை அசாக்குசாவில் உங்களுக்கு நல்ல தின்பண்டம் ஒன்று காத்திருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

குராமாயேவுக்கு ஏன் பிற்பகலில்?

அங்குள்ள நோட்டுக் கடையான கக்கிமோரி நண்பகல் வாக்கில்தான் திறக்கும். ஹிகாஷி-கின்சாவிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். குராமாயே என்றால் ‘களஞ்சியத்தின் முன்னால்’ என்று பொருள். எடோ காலத்தில், அதாவது ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளர்கள் நாட்டை ஆண்ட நாட்களில், அவர்களுடைய நெல் கிடங்குகள் இருந்த ஆற்றங்கரை. இன்றும் சின்னச் சின்னப் பட்டறைகளும் மொத்த வியாபாரக் கடைகளும் உள்ள தெருக்கள்.

கக்கிமோரியில் நோட்டு நீங்களே அமைக்கலாம். அட்டை, உள் தாள், கம்பிச் சுருள், மூடும் பொத்தான் என ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தால், கண் முன்னாலேயே துளை போட்டுக் கட்டித் தருகிறார்கள். தாள்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள். காலையில் வாங்கிய பேனாவை எடுத்து, மாதிரித் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் ஒரே நோட்டில் இரண்டு விதத் தாள் வைத்தேன், முன்பாதி கோடு போட்டது, பின்பாதி வெறுமை. கூட்டமிருந்தால் காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த டேன்டலைன் சாக்லேட் கடை இருக்கிறது, அங்கே ஒரு கோப்பை சூடான சாக்லேட் குடித்துவிட்டு வந்தால் நோட்டு தயார்.

மையையும் அங்கே நாமே கலந்து செய்துகொள்ளலாம், ஆனால் அதற்கு முன்பதிவு தேவை. சொட்டுச் சொட்டாகக் கலந்து, தாளில் இழுத்து, உலரும்வரை பார்த்து, மறுபடி ஒரு சொட்டு. மழைக்கு முந்தைய வானத்தின் நிறம் வேண்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆயத்த மை என்ன வாங்கலாம்?

பைலட்டின் இரோஷிசுக்கு வரிசை. 2007இல் வந்தது, 50 மில்லி கண்ணாடிக் குப்பி. நிறங்களின் பெயர்களே அழகு: நிலவிரவு, மூங்கில் கரி, காட்டுத் திராட்சை. நிலவிரவு என்ற ‘ட்சுக்கி-யோ’வில் பச்சை கலந்த நீலம், நீண்ட கடிதத்துக்கு ஏற்றது. ஊருக்கு ஊர் அந்த ஊர்க் கடைக்கென்றே செய்யப்படும் மைகளும் உண்டு. கோபேயில் நகசாவா கடை அந்த நகரத்தின் இடங்களின் பெயரில் ஒரு பெரிய மை வரிசையே வைத்திருக்கிறது. கோபே போனால் விடாதீர்கள்.

கார்ட்ரிட்ஜ் ஊரில் கிடைக்குமா?

கார்ட்ரிட்ஜ் என்பது மை அடைத்த சின்னக் குழாய். மூன்று கம்பெனிக்கும் மூன்று அளவு, ஒன்று மற்றதில் பொருந்தாது. பேனா வாங்கும்போதே அதற்குரிய கன்வெர்ட்டரையும், அதாவது கார்ட்ரிட்ஜின் இடத்தில் பொருத்தும் மை உறிஞ்சியையும், கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு எந்த மைக்குப்பியிலிருந்தும் உறிஞ்சி நிரப்பலாம்.

வரி திரும்பக் கிடைக்குமா?

விற்பனை வரி 10 சதவீதம். சுற்றுலாப் பயணிகள் ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் சலுகை உண்டு. அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. 2026 அக்டோபர் 31 வரை கடையிலேயே வரியைக் கழிக்கும் முறை. 2026 நவம்பர் 1 முதல், முதலில் வரியோடு கட்டிவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கத்தில் உறுதி செய்தபின் திரும்பப் பெறும் முறை. அதனால் பேனாவைப் பெட்டியின் அடியில் திணிக்காமல், கேட்டால் காட்டும்படி வையுங்கள்.

விமானத்தில் மை கொட்டுமா?

50 மில்லி குப்பி கைப்பையில் செல்லும் 100 மில்லி வரம்புக்குள் அடங்கும், திரவப் பொருள்களோடு ஒளிபுகும் பையில் வையுங்கள். பெட்டியில் போடுவதானால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தனிப் பையில் கட்டி, துணிக்கு நடுவில். பேனாவோ, முழுக்க நிரம்பியிருக்க வேண்டும் அல்லது காலியாக இருக்க வேண்டும். பாதி மை இருந்தால் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். நிப் மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப் பையில் நிறுத்தி வைத்தால் ஒன்றும் ஆகாது.

உடன் வருபவருக்குப் பேனாவில் ஆர்வம் இல்லை. என்ன செய்வது?

இட்டோயாவில் உங்களோடு ஒரு மணி நேரம் நிற்க வைக்காதீர்கள், பாவம். அவரைக் கடைவீதிக்கோ கபுக்கி நாடக அரங்கின் பக்கமோ அனுப்பிவிட்டு, மதியம் சாப்பாட்டு மேசையில் சந்தியுங்கள். நோட்டு கட்டுவது மட்டும் யாருக்கும் பிடிக்கும். என் மனைவி பேனாவைத் தொட மாட்டாள். அவள் கட்டிய சமையல் குறிப்பு நோட்டுதான் எங்கள் வீட்டில் இன்று அதிகம் பயன்படும் ஜப்பான் பொருள்.

மாலையை எப்படி முடிப்பது?

குராமாயேவிலிருந்து அசாக்குசா ஒரே நிறுத்தம், ஆனால் நடந்தே போங்கள். கோவில் கடைத்தெருவில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிடுங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு நான் சொன்னது உமேசோனோ, 1854இல் தொடங்கிய இனிப்புக் கடை. அங்கே ‘அவா ஜென்சாய்’ கேளுங்கள். ‘அவா’ என்றால் தினை. பெயரில் தினை இருந்தாலும் இப்போது அவர்கள் குத்தி மசிப்பது பனிவரகு. சூடான அந்தக் களியின் மேல் இனிப்புப் பயற்று விழுது. களி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது வெளியூர்ச் சாப்பாடாகவே தோன்றாது.

சாப்பிட்டபின் சுமிதா ஆற்றங்கரைக்கு வாருங்கள். எதிர்க்கரையில் தெரிவது முக்கோஜிமா. 1875 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்த மித்தோ குடும்பத்து மாளிகைக்கு வந்த மெய்ஜி பேரரசருக்குத்தான் கிமுராயாக்காரர்கள் செர்ரிப் பூ வைத்த அந்த அன்-பானை முதன்முதலாகக் கொடுத்தார்கள். காலையில் இரண்டாக வாங்கியிருந்தால் ஒன்று பையில் இருக்கும். கரையில் பெஞ்சு இருக்கிறது, விளக்கு வெளிச்சம் போதும். புது நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் தேதியும் அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆற்றுக் காற்று வீசும், மை உலரும்வரை தாளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.